பனை வட்டில் நிற்கும்போது கண் மின்னினால்

பனை ஏறிக் கள்ளுச் சீவும் தொழில் செய்கிறவர் ஒற்றைத் தலையிடி (மைக்ரேன்) என்று கிளினிக்குக்கு வந்தால், இடியைப் பற்றி நான் பிறகுதான் கேட்பேன். முதற் கேள்வி, இடிக்கத் தொடங்க முன் கண்ணில் ஏதும் தெரிகிறதா என்பது.

ஒற்றைத் தலையிடிக்காரரில் மூன்றில், நாலில் ஒருவருக்கு அப்படித் தெரியும். சின்னப் புள்ளியாக மினுங்கி, வளைந்து நெளிந்த கோடாக விரியும். கோட்டுக்கு உள்ளே இருப்பது தெரியாது. சிலருக்கு விரல் நுனியில் விறைப்புத் தொடங்கிக் கன்னம் வரை ஏறும். 5 நிமிடத்திலிருந்து 60 நிமிடம் வரை நீடித்து, தானாக விலகும். நிலத்தில் நிற்கிறவர் ஓரமாய்க் குந்தியிருந்தால் போதும். பாளைக்கத்தியோடு 60 அடி உயரத்தில் நிற்கிறவர் என்ன செய்வார்? கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரி, பளைப் பக்கத்து ஆட்கள் பலர் "வெயிலுக்குக் கண் கூசினது" என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்திலும் ஏறிவிடுகிறார்கள்.

இயந்திரமில்லாத சறுக்கு விமானம் ஓட்டுகிறவருக்கு இப்படிக் கண் மின்னுமென்றால், தனியே பறக்க விட முன் வைத்தியர்கள் துருவித் துருவி விசாரிப்பார்கள். பனை ஏறுகிறவரை யார் விசாரிக்கிறார்கள்?

கண் மின்னல் மெல்லத்தான் விரியும். ஏறும் வழியில் முதற் புள்ளி தெரிந்தால் அந்த மரத்தை முடிக்க நினைக்காமல் உடனே இறங்குங்கள். வட்டில், அதாவது பனையின் உச்சியில், நிற்கும்போது பார்வை பாதி போய்விட்டால், அல்லது கை விறைத்தால், இறங்க வேண்டாம். கத்தியை உறையில் போட்டு, மட்டைகளுக்கிடையில் இருந்துகொண்டு, கீழே ஆளைக் கூப்பிடுங்கள். எல்லாம் தெளிந்த பிறகு இறங்கலாம்.

முதல் நாளே அறிகுறி வருவதும் உண்டு. ஓயாத கொட்டாவி, பிடரி இறுக்கம், காரணமில்லாத கோபம். இதை மனைவிமார்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். "நேற்று முழுக்க எரிஞ்சு விழுந்தவர் டொக்டர்" என்று ஒருவர் சொன்னது எந்தப் பரிசோதனையையும் விட எனக்கு உதவியது. அன்று ஏறாதீர்கள் என்று சொல்வது எனக்கு லேசு. சீவாமல் விட்டால் பாளை வத்திவிடும் என்பது அவர்களுடைய கவலை. அது நியாயமான கவலை. ஒருவருக்கு முடியாத நாளில் இன்னொருவர் சீவிக் கொடுக்கும் ஒழுங்கை, பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள்தான் செய்ய வேண்டும்.

வலிக்குளிசையை இடி முற்ற முன் போட வேண்டும். போட்டுவிட்டு ஏறக்கூடாது. மாதத்தில் 15 நாளுக்கு மேல் வலிக்குளிசை போட்டால் அதுவே தலையிடியைக் கொண்டுவரும். வியர்த்து வரண்ட உடம்புக்கு டைக்குளோபெனாக், இபுபுறொபென் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். மாரியில் காய்ச்சலோடு தலையிடித்தால் டெங்குவாக இருக்கலாம், பரசிற்றமோல் மட்டும்தான்.

தலையிடி வராமல் தடுக்கும் மருந்து எழுதும் வைத்தியரிடம் மரம் ஏறுவதைக் கட்டாயம் சொல்லுங்கள். புளூனரிசின், அமிற்றிப்ரிலின் தூக்கம் தரும். புறொப்பிறனலோல் சிலருக்குத் தலை சுற்ற வைக்கும், இழுப்பு (அஸ்மா) உள்ளவருக்கு ஆகாது. ரொப்பிறமேற் சிலருக்கு வியர்வையைக் குறைப்பதால் சித்திரை வெயிலில் உடம்பு சூடேறலாம்.

திடீரென்று, வாழ்நாளில் காணாத இடி, ஒரு பக்கம் கைகால் சோர்வு, வாய் கோணல், 50 வயதுக்குப் பிறகு முதன்முதலாய்க் கண் மின்னுவது: இவற்றை ஒற்றைத் தலையிடி என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள். கைகால் சோர்ந்தாலோ, வாய் கோணினாலோ, இடி திடீரென்று உச்சத்துக்குப் போனாலோ, உடனே 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸுக்குக் காசு கட்டத் தேவையில்லை.