திரைக்கு முன்னால் உள்ள அந்த நாலடி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் அரங்கேற்றத்துக்கு ஹால் பிடிப்பவர்கள் மேடை அகலம், ஏசி, கார் நிறுத்த இடம் எல்லாம் விசாரிப்பார்கள். முன்திரை விழும் கோட்டுக்கும் மேடை விளிம்புக்கும் நடுவே எத்தனை அடி என்று கேட்பவர் அரிது. சொதப்பலும் விபத்தும் பெரும்பாலும் அங்கேதான்.

திரை மூடியிருக்கும்போது நிகழ்ச்சியைத் தாங்குவது இந்த இடம். வரவேற்புரை, மாலை மரியாதை, ஆடை மாற்றும் இடைவேளையில் ஒரு பாட்டு. இதற்கு 4 அடியாவது காலியாக வேண்டும். நாமோ நடராஜர், பூச்சாடி, ஆடுபவருக்குப் பாட்டு கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் என்று அடுக்கிவிடுகிறோம். மானிட்டர் நடுவில் இருந்தால் முன்வரிசைக்குப் பாதம் தெரியாது. பரதத்தில் பாதம் மறைந்தால் பாதி ஆட்டம் போச்சு. இரு ஓரங்களுக்குத் தள்ளுங்கள்.

குத்துவிளக்குதான் பெரிய தலைவலி. ஒரு சொட்டு எண்ணெய் சிந்தினாலும் வெறுங்காலோடு ஆடும் பெண் வழுக்குவாள். அகலமான தாம்பாளத்தில் உலர்ந்த மணல் பரப்பி அதன்மேல் விளக்கை வையுங்கள். எண்ணெயைத் தளும்ப ஊற்றாதீர்கள். திரை இழுபடும்போது காற்றில் உப்பி முன்னால் வரும், அதன் வழியில் சுடர் இருக்கவே கூடாது. விளக்கேற்றி முடிந்ததும் கீழே தனி மேசைக்கு மாற்றிவிடுவது உத்தமம். பக்கத்தில் தீப்போர்வை (தீயை மூடி அணைக்கும் துணி) இருக்கட்டும். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் தீ சிதறும். 1862-இல் பாரிஸ் ஓபரா ஒத்திகையில் பாலே நடனக்காரி எம்மா லிவ்ரியின் பாவாடை கேஸ் விளக்கில் பற்றியது. மறு ஆண்டு இறந்தார். இடுப்பில் பட்டு விசிறி மடிப்பு கட்டிய நம் பிள்ளைகளும் சுடருக்கு அருகில்தான் சுழல்கிறார்கள்.

விளக்குகள் திரைக்குப் பின்னால் மட்டும் தொங்கினால், முன்னே வந்து பேசுபவரின் முகம் கறுத்துப்போகும். ஹால் கூரையிலிருந்து சுமார் 45 பாகை சாய்வில் முன்விளக்கு தேவை. மைக் பிடித்தவர் ஸ்பீக்கர் வரிசையைத் தாண்டி முன்னால் வந்தால் ஊளைச் சத்தம்தான்.

மின்வெட்டு நமக்குப் புதிதல்ல. பிரகாசத்தில் ஆடிய கண்ணுக்குத் திடீர் இருட்டில் விளிம்பு தெரியாது. விளிம்புக்கு ஓரடி உள்ளே, நீளம் முழுக்க 5 செ.மீ. ஒளிரும் டேப் ஒட்டுங்கள். மேடை வெளிச்சம் பட்டிருந்தால்தான் அது இருட்டில் மின்னும். கரண்ட் போனால் அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும் என்று ஒத்திகையிலேயே பழக்குங்கள். சுற்றிலும் ஜனம் நிற்க, தரையில் தெருக்கூத்து ஆடியே பழகியவர்களுக்கு விளிம்பு என்ற நினைப்பே இருக்காது. அவர்களை முன்கூட்டியே அழைத்துவந்து நடக்கவிடுங்கள்.

பெரிய அரங்குகள் சிலவற்றில் முன்பகுதி என்பது வாத்தியக்குழுப் பள்ளத்தின் மேல் போட்ட பலகை. எவ்வளவு எடை தாங்கும் என்று ஹால் பொறுப்பாளரிடம் எழுத்தில் வாங்காமல் அதன்மேல் முப்பது பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள்.