லலிதா பவாரின் இடது கண்ணும் என் நோயாளிகளும்

போன செவ்வாய்க்கிழமை 26 வயதுப் பெண் ஒருத்தி துப்பட்டாவால் பாதி முகத்தை மூடிக்கொண்டு என் அறைக்குள் வந்தாள். முகவாதம், அதாவது முகத்தின் ஒரு பக்கம் செயலிழப்பது, வந்து 9 வாரம் ஆகிவிட்டது. துப்பட்டாவை எடும்மா என்றேன். எடுக்கவில்லை. கூட வந்திருந்த மாமியார், மனதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், மராத்தியில் சொன்னார்: "பாருங்க தாயீ, லலிதா பவார் மாதிரி ஆயிட்டா." இங்கே அக்காவைத் தாயீ என்றுதான் கூப்பிடுவார்கள். லலிதா பவார், ஒரு கண் சுருங்கிய முகத்தோடு வில்லி வேடங்களில் பேர்பெற்ற பழைய இந்தி, மராத்தி நடிகை.

அந்தப் பெண்ணின் வலது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. இடது கண்தான் பாதிக்கப்பட்ட கண், அது வறண்டு சிவந்து கிடந்தது.

மும்பையில் முக நரம்பு பாதித்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்டாக 18 வருஷம் ஓட்டிவிட்டேன். இந்த ஒப்பீட்டைக் கேட்காத மாதம் கிடையாது. மராத்தி வீடுகளில் யாருக்காவது முகம் கோணினால் முதலில் வாயில் வருவது அந்தப் பெயர்தான். இரண்டாவதாக வருவது மந்தரை. இனியும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.

1987இல் தூர்தர்ஷனில் ராமாயணம் பார்த்தவர்களுக்கு லலிதா பவாரை மறந்திருக்காது. கூனிக் கிழவியாக, ஒரு கண்ணைச் சுருக்கியபடி கைகேயியின் காதில் ஓதுவாரே, அவர்தான். 1961இல் வந்த சம்பூர்ண ராமாயணம் படத்திலும் மந்தரை அவர்தான். கொரோனா ஊரடங்கில் அந்தத் தொடரை மறுபடி ஒளிபரப்பினார்கள் இல்லையா, அப்போது புதிதாக ஒரு தலைமுறைப் பிள்ளைகளும் அந்த முகத்தைக் கற்றுக்கொண்டார்கள். சில மாதம் கழித்து என்னிடம் வந்த ஒன்பது வயதுப் பையனைப் பள்ளி நண்பர்கள் 'மந்த்ரா' என்று கூப்பிட்டார்களாம். ஆன்லைன் வகுப்பில் கேமராவை அணைத்தே வைத்திருந்தான்.

இங்கே அவருடைய செல்வாக்கு எவ்வளவு ஆழமானது என்பது வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியாது. நாசிக் மாவட்டத்தில், பைட்டணிப் புடவைக்குப் பேர்போன ஏவலாவில் 1916இல் பிறந்தவர். ஊமைப்பட நாட்களில் சிறுமியாக நடிக்க வந்து 1990கள் வரை நடித்தார். பிரபாத் கம்பெனி 1944இல் எடுத்த ராமசாஸ்திரி படத்தில் ஆனந்திபாய் வேடம். மராத்திய அரசின் பிரதமரான பேஷ்வா நாராயணராவைப் பிடிக்கச் சொல்லி எழுதிய ஓலையில் ஓர் எழுத்தை மாற்றி, கொல்லச் சொல்வதாக ஆக்கினாள் என்று மராத்தியர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் ஆனந்திபாய். அந்தப் பெயரைச் சொன்னதும் இவர் முகம் ஞாபகம் வருகிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இயக்குநர் சாந்தாராம் 1950இல் எடுத்த தஹேஜ் படத்தில் வரதட்சணைக் கொடுமை செய்யும் மாமியார். அப்புறம் எத்தனையோ மாமியார்கள். மராத்தியில் 'காஷ்ட சாசூ' என்பார்கள், கடுகடுத்த கொடுமைக்கார மாமியார் என்று அர்த்தம். அந்தச் சொல்லுக்கு ஒரு முகம் உண்டென்றால் அது லலிதா பவார் முகம். மிமிக்ரி மேடை, கேலிச் சித்திரம், இன்றைய வாட்ஸாப் மீம் எல்லாவற்றிலும் ஒரு கண்ணைச் சுருக்கிக் காட்டினால் போதும், 'மாமியார்' என்று கூட்டம் சிரித்துவிடும்.

அந்தக் கண் நடிப்பு இல்லை. காயம்.

1942இல் ஒரு படப்பிடிப்பில் உடன் நடித்த பகவான் தாதா அவரை அறைய வேண்டிய காட்சி. அறை நிஜமாகவே பலமாக விழுந்துவிட்டது. முகத்தின் இடது பக்கம் செயலிழந்தது, கண்ணில் ரத்தக் குழாய் வெடித்தது. நீண்ட நாள் சிகிச்சைக்குப் பிறகும் அந்தக் கண் பழையபடி ஆகவில்லை. வேண்டுமென்று யாரும் செய்ததில்லை, விபத்துதான். ஆனால் கதாநாயகி வேடங்கள் அதோடு போயின.

அதற்குமேல் ஜனங்கள் சேர்த்துச் சொல்வதுதான் எனக்குக் கோபம் வரவழைக்கிறது. அதே செவ்வாய்க்கிழமை, வெளியே காத்திருந்த ஒரு பெரியவர் உள்ளே வந்து அந்தப் பெண்ணுக்கு ஆறுதல் சொன்னார்: "கவலைப்படாதே மகளே. அந்த அறை விழலைன்னா லலிதா பவார் யாருன்னு யாருக்காச்சும் தெரிஞ்சிருக்குமா? அடியே அதிர்ஷ்டமாச்சு." நல்ல மனசோடுதான் சொன்னார். இதே வாக்கியத்தைப் பிள்ளையை அறைந்துவிட்டு என்னிடம் நியாயம் பேசிய அப்பாக்களும் சொல்லியிருக்கிறார்கள்.

ஐயா, தயவுசெய்து கேளுங்கள். அறை விழுந்தபோது அவர் முகம் தெரியாத பெண் இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் நடித்து முடித்திருந்தவர். சொந்தக் குரலில் பாடி நடித்தவர். சண்டைப் படங்களில் நாயகியாக வந்தவர். 1932இலேயே கைலாஷ் என்ற படத்தைத் தயாரிப்பதில் பங்கெடுத்தவர். அத்தனை வேலையும் அந்தக் கன்னத்தில் கை படுவதற்கு முன்னால் நடந்தது. அறை அவருக்கு எதையும் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்ததை வைத்துக்கொண்டு அவர் இன்னும் ஐம்பது வருஷம் உழைத்தார். அந்த உழைப்புக்குச் சேர வேண்டிய மரியாதையை அடித்த கைக்குக் கொடுக்காதீர்கள். நரம்பு அடிபட்டுப் போராடும் ஒருவரிடம் "இதுவும் நல்லதுக்குத்தான்" என்று சொல்லாதீர்கள். உங்களுக்கு ஆறுதல், அவர்களுக்கு அது இன்னொரு அறை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்ரீ 420 என்ற இந்திப் படத்தில் வாழைப்பழம் விற்கும் கங்காமாயி யார்? அனாரி படத்தில் வாடகைக்கு இருக்கும் பையனை வாயால் திட்டி மனதால் பிள்ளையாக வளர்க்கும் மிஸஸ் டிசா யார்? இதே லலிதா பவார், இதே இடது கண். 1959இல் வந்த அனாரிக்குத்தான் அவருக்குச் சிறந்த துணை நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. அந்தக் கண்ணில் அன்பும் இருந்ததைப் பார்த்தோம், கைதட்டினோம், ஆனால் ஞாபகம் வைத்துக்கொண்டது கொடுமையை மட்டும்தான். முகத்தில் தழும்பு, கோணல் வாய், சுருங்கிய கண் என்றால் கெட்டவர் என்று எழுதுகிறவர்களும் மேக்கப் போடுகிறவர்களும் பழக்கிவைத்திருக்கிறார்கள். மராத்தித் தொடர்களிலும் அது போகவில்லை. என்னிடம் வரும் பெண்களில் பாதிப் பேர் சொல்வது ஒரே புகார்தான்: "நான் சும்மா இருந்தாலும் முறைக்கிறேன்னு சொல்றாங்க." முறைக்கவில்லை. தசை இழுக்கிறது, அவ்வளவுதான்.

சரி, இனி செய்ய வேண்டியது.

மராத்தியில் மிரட்டும்போது "கானாகாலீ ஆவாஜ் காடீன்" என்பார்கள். காதுக்குக் கீழே சத்தம் வரவைப்பேன் என்று பொருள். நம் ஊரிலும் "செவுள்ல ஒண்ணு விட்டேன்னா" உண்டே. முகத்தை இயக்கும் நரம்பு மண்டையோட்டை விட்டு வெளியே வருவது சரியாக அந்த இடத்தில்தான். கைக்குழந்தைகளுக்குக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு முழுதாக வளர்ந்திருக்காது, நரம்பு தோலுக்கு ரொம்பப் பக்கத்தில் ஓடும். அறையால் முகவாதம் வருவது அரிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காதுப்பறை கிழிவது அரிதே இல்லை. அறைந்த பிறகு காதில் இரைச்சல், அடைப்பு, ரத்தம் என்றால் எண்ணெய் விடாதீர்கள், பட்ஸ் போடாதீர்கள், தண்ணீர் போக விடாதீர்கள், காது டாக்டரிடம் போங்கள். யாரையும் கன்னத்தில் அடிக்காதீர்கள். பிள்ளையை, மனைவியை, வேலைக்காரப் பையனை, யாரையுமே.

முகம் திடீரென்று ஒரு பக்கம் இறங்கினால், கை தளர்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம், அந்த நிமிஷமே ஆம்புலன்ஸ். அது இல்லாவிட்டாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், எது என்று முடிவு செய்வது அவர் வேலை. பெரும்பாலான முகவாதத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரையை முதல் 3 நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். காற்று பட்டது, கண் பட்டது என்று மந்திரித்துக்கொண்டிருந்தால் அந்த மூன்று நாள் திரும்பி வராது. சர்க்கரை நோய் இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கண்ணைக் காப்பாற்றுங்கள். மூடாத கண்ணின் கருவிழி காய்ந்து புண்ணாகும். பகலில் டாக்டர் சொல்லும் சொட்டு மருந்து, ராத்திரி களிம்பு போட்டு இமையை மூடி டேப். இந்தப் பெண்ணின் வீட்டில் யாரும் அதைச் செய்திருக்கவில்லை. நல்லெண்ணெய் தடவி வெந்நீர் ஒத்தடம் மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

அப்புறம் பலூன். தினமும் இருபது பலூன் ஊதச் சொல்லியிருக்கிறார்கள் இவளை. சூயிங்கம் வேறு. தசைக்குக் கரண்ட் கொடுக்க ஆன்லைனில் வாங்கிய மெஷின் வேறு. முகத் தசை கைத் தசை மாதிரி முக்கிப் பலப்படுத்துகிற விஷயமில்லை. நரம்பு மெதுவாகத் திரும்ப முளைக்கிற நேரத்தில் முழுப் பலத்தோடு இழுத்தால் இழைகள் தடம் மாறிப் போய்ச் சேரும் சிக்கல் இன்னும் அழுத்தமாகப் பதியும். சிரித்தால் கண் தானாக மூடிக்கொள்ளும், கண்ணை மூடினால் உதடு இழுக்கும். அதை அவிழ்க்க எனக்கு மாதக்கணக்கில் ஆகிறது.

அன்று அவளிடம் ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்தேன். நடுவில் மார்க்கரால் மேலிருந்து கீழே ஒரு கோடு போட்டிருப்பேன், மூக்கு அதில் பொருந்த வேண்டும். "சிரிக்காதே. சிரிக்கலாமா என்று நினை, அதுபோதும்" என்றேன். மூன்றாவது தடவை இடது உதட்டோரம் ஒரு நூல் அளவு அசைந்தது. கண் அசையவில்லை. அதுதான் வேண்டும். மாமியாரைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியை விட்டு மருமகள் முகத்தையே குனிந்து பார்த்தார். "இங்கேயா தாயீ?" என்று விரலால் அந்த இடத்தைத் தொட்டார்.

காலையும் மாலையும் ஐந்து ஐந்து நிமிஷம் அந்தக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும் வேலையை அவரிடமே கொடுத்திருக்கிறேன். டேப் ஒட்டுவதையும். அடுத்த செவ்வாய்க்கிழமை இருவரும் வர வேண்டும்.