உதரவிதானம்: வயிற்றுக்குக் கூரை, மார்புக்குத் தரை

விக்கல் வந்தால் யாரோ நினைக்கிறார்கள் என்போம். உண்மையில் துள்ளுவது ஒரு தசை. அது திடீரென்று சுருங்க, உள்ளே பாயும் காற்றைக் குரல்வளை சட்டென்று அடைக்க, அந்த 'விக்' பிறக்கிறது. ஆங்கிலத்தில் அதன் பெயர் டயாஃப்ரம். நம் பாடநூல்களில் உதரவிதானம். தேர்வுக்காக மனப்பாடம் செய்த எத்தனை பேர் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்திருப்போம்?

உதரம் என்றால் வயிறு. சகோதரன் என்ற சொல்லுக்குள் இருப்பதும் இதே உதரம்தான்; ஒரே வயிற்றில் பிறந்தவன். விதானம் என்பது கோயில் மண்டபத்தில் தலைக்கு மேல் விரித்துக் கட்டும் துணி, தமிழில் மேற்கட்டி. ஆக, வயிற்றின் மேற்கட்டி. இரண்டும் வடசொற்கள்தாம், ஆனால் படம் அழகாக விழுகிறது. மார்புப் பக்கமிருந்து பார்த்துப் பெயர் வைத்திருந்தால் தரை என்றுதான் சொல்லியிருப்பார்கள். இதயத்தின் உறை அதன் நடுப்பகுதியோடு ஒட்டியே இருக்கிறது.

கிரேக்க மூலத்தில் கூரையும் இல்லை, தரையும் இல்லை. குறுக்கே போட்ட வேலி என்பதே பொருள். அதே மொழியில் இந்த உறுப்புக்கு 'ஃப்ரென்' என்றும் ஒரு பழம்பெயர் உண்டு. அதற்கு மனம் என்றும் பொருள். ஸ்கிசோஃப்ரீனியா என்ற நோய்ப் பெயரின் பின்பாதி அங்கிருந்து வந்ததுதான். நமக்கு இது வியப்பாக இராது. 'நெஞ்சு வலிக்கிறது' என்று மருத்துவரிடமும் சொல்கிறோம், 'நெஞ்சறியப் பொய் சொன்னான்' என்றும் பேசுகிறோம்.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதைப் பிரிமென்றகடு என்கின்றன. பிரி, மென், தகடு: தெற்குத் திசை 'தென்றிசை' ஆவதுபோலப் புணர்ந்த சொல். கிரேக்கப் பொருளுக்கு இதுவே நெருக்கம், தமிழும் கூட. ஆனால் முதன்முறை படிப்பவர் 'மென்ற கடு' என்று பிரித்து விழிப்பார். தகடு என்றதும் அசையாத ஒன்று நினைவுக்கு வருவது இன்னொரு குறை. இந்தத் தசையோ நாம் தூங்கும்போதுகூட ஓய்வதில்லை.

ஆட்டிறைச்சிக் கடையில் உடலைப் பிளக்கும்போது பார்க்கலாம். நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் நடுவே மெல்லிய தசைத்திரை. ஓரமெல்லாம் சிவப்பு, நடுவில் முத்துப்போல் வெளுத்த நாண். மனிதருக்கும் அமைப்பு இதுவே. ஓரங்கள் மார்பெலும்பின் நுனி, கீழ் ஆறு விலா எலும்புகள், இடுப்பு முள்ளெலும்புகள் ஆகியவற்றில் பற்றியிருக்கும். சும்மா இருக்கும்போது கவிழ்த்த கிண்ணம்போல் மேலே புடைத்திருக்கும். கீழே கல்லீரல் இருப்பதால் வலப்பக்கம் சற்று உயரம். சுருங்கினால் தட்டையாகிக் கீழே இறங்கும், மார்பறை விரியும், காற்று தானாக உள்ளே வரும். மல்லாந்து படுத்து வயிற்றில் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டால் அது ஏறி இறங்குவது தெரியும். பெருந்தமனி, பெருஞ்சிரை, உணவுக்குழாய் மூன்றும் கடந்துபோக இதில் வழி உண்டு.

துணி மேற்கட்டி நடுவில் தொய்யும். இதுவோ மேல்நோக்கிப் புடைக்கும். அந்த வகையில் குடைத்தசை என்றால் இன்னும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனாலும் எழுதும்போது உதரவிதானம் என்றே எழுதுகிறேன். முதன்முறை வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் 'வயிற்றின் மேற்கட்டி' என்று சேர்த்துவிடுகிறேன்.