கைப்பணித் தொழிலின் ஆண்டுத் திட்டம்: மட்டக்களப்பு, அம்பாறை உற்பத்தியாளர்கள் அறிந்திருக்க வேண்டிய பதிவுகளும் உரித்துகளும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பனையோலைப் பெட்டி இழைப்பவர்கள், பன்பாய் பின்னுபவர்கள், மட்பாண்டம் வனைபவர்கள், மருதமுனையிலும் அதன் அயலிலும் தறி வைத்து நெய்பவர்கள் எனச் சிறு அளவில் கைப்பணித் தொழில் செய்யும் பலருக்கு அரசின் பக்கத்தில் பதிவுகளும் பயிற்சிகளும் பாதுகாப்புத் திட்டங்களும் உள்ளன. அவற்றைப் பற்றி அங்குமிங்கும் கேள்விப்பட்டவர்கள்கூட, எந்த மாதத்தில் எந்த அலுவலகத்துக்குப் போகவேண்டும் என்பதை ஆண்டின் தொடக்கத்தில் குறித்து வைப்பதில்லை. தகுதி இருந்தும் காலம் தப்பிப்போனதால் உதவியை இழந்தவர்கள் நம்மிடையே பலர். அடுத்த ஆண்டுக்கான திட்டத்தைப் போடும்போது ஓலைக்கும் நூலுக்கும் எவ்வளவு செலவாகும் என்று எழுதும் அதே கொப்பியில் இந்த விடயங்களையும் எழுதி வைக்கவேண்டும் என்பதற்காகவே இவ்விளக்கம் எழுதப்படுகிறது.

முதலில் மூன்று ஆண்டுக் கணக்குகளை வேறுபடுத்தி அறிந்துகொள்ள வேண்டும். அரசின் நிதியாண்டு ஜனவரி 1 அன்று தொடங்கி டிசம்பர் 31 அன்று முடிகிறது; திணைக்களங்களுக்கு ஒதுக்கப்பட்ட பணம் அதற்குள் செலவாகாவிட்டால் பெரும்பாலும் திரும்பிப் போய்விடும். வருமான வரிக்கான மதிப்பாண்டோ ஏப்ரல் 1 முதல் அடுத்த ஆண்டு மார்ச் 31 வரையானது. மூன்றாவது, தொழிலுக்கே உரிய ஆண்டு. கிழக்கில் அதை வாடை மழையும் அறுவடையும் கோயில் திருவிழாக்களும் சுற்றுலாப் பருவமுமே வகுக்கின்றன. நவம்பர் தொடங்கி ஜனவரி வரை பெய்யும் மழையில் சார்வோலை காயாது, சாயம் ஏற்றிய ஓலை ஈரம் பிடித்து நிறம் மங்கும், இழைத்து அடுக்கிய பெட்டிகளில் பூஞ்சணம் படரும். ஆகவே அக்காலத்துக்கு வேண்டிய ஓலையைச் செப்டம்பர் மாதத்துக்குள் காயவைத்து வார்ந்து கட்டி வைப்பவருக்கே தைப்பொங்கலுக்குச் சுளகும் கடகமும் விற்கும் வாய்ப்புக் கிடைக்கிறது. பெரும்போக அறுவடை முடிந்து ஊரில் காசு புழங்கும் காலமும் சித்திரைப் புத்தாண்டும் அடுத்தடுத்து வருகின்றன. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குகள். ஆடி அமாவாசையில் மாமாங்கேஸ்வரர் தீர்த்தம். அறுகம்பையிலும் பாசிக்குடாவிலும் வெளிநாட்டவர் கூடுதலாக வருவது ஏறத்தாழ ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் வரை. நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னகர்வதால், சாரமும் சேலையும் நெய்பவர்கள் கடந்த ஆண்டின் திகதியை நம்பி நூல் வாங்கக்கூடாது.

கையில் வேலை குறையும் மழைக்காலமே அலுவலக வேலைகளுக்குப் பொருத்தமான காலம் என்பது என் கருத்து. சந்தை சூடாக இருக்கும் ஜூலையில் ஒரு நாளை வரிசையில் நின்று கழிப்பதும் டிசம்பரில் கழிப்பதும் ஒன்றல்ல.

வணிகப் பெயரும் உள்ளூராட்சி உரிமமும்

உங்கள் சொந்தப் பெயரல்லாத வேறொரு பெயரில் தொழில் நடத்துவதானால் அப்பெயரைப் பதிவு செய்யவேண்டும் என்பது 1918ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க வணிகப் பெயர்கள் கட்டளைச் சட்டக் காலந்தொட்டு இருந்துவரும் விதி. விண்ணப்பத்தை உங்கள் பிரதேச செயலகத்தில் பெறலாம். தேசிய அடையாள அட்டையின் பிரதி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், தொழில் நடக்கும் இடத்துக்கான உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம் போன்றவை பொதுவாகக் கேட்கப்படும். வீடு தாயின் பெயரிலோ கணவரின் பெயரிலோ இருந்தால், அவ்விடத்தில் தொழில் நடத்த அவர் சம்மதிப்பதாக ஒரு கடிதத்தையும் கையோடு கொண்டுபோவது நல்லது. அந்தக் கடிதம் இல்லாமல் திரும்பி வருபவர்கள் பலர்.

இந்தப் பதிவு எதைத் தருகிறது, எதைத் தராது என்பதைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். தொழிலின் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கவும், ஹோட்டல்களுக்கும் கடைகளுக்கும் முறையான சிட்டை கொடுத்துப் பொருள் வழங்கவும், தொழில்முயற்சிக் கடனுக்கு விண்ணப்பிக்கவும் அது வழி திறக்கிறது. ஆனால் அப்பெயரை வேறொருவர் தமது பொருளில் பயன்படுத்தாமல் தடுக்கும் உரிமையை அது தருவதில்லை; அதற்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வணிகக் குறியைத் தனியாகப் பதிவு செய்யவேண்டும். அப்பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். மேலும், தனிநபர் வணிகம் பதிவு செய்யப்பட்டாலும் தொழிலின் கடன் உரிமையாளரின் சொந்தக் கடனாகவே இருக்கும்.

உள்ளூராட்சி மன்றத்தின் உரிமமும் கட்டணமும் வேறு விடயம். மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று ஆகிய நகரங்களில் மாநகர சபையையும் ஏனைய இடங்களில் உரிய நகர சபை அல்லது பிரதேச சபையையும் அணுகி, உங்கள் தொழில் வகைக்கு உரிமம் வேண்டுமா, வரி மட்டும் போதுமா என்று ஜனவரியிலேயே கேட்டு அறியவேண்டும், ஏனெனில் இவை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுபவை. நூலுக்கோ துணிக்கோ சாயமிட்டுக் கழிவுநீரை வெளியேற்றுபவர்கள், சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தேவைப்படுமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

கைப்பணியாளருக்கான நிறுவனங்கள்

1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் தேசிய அருங்கலைகள் பேரவை, தேசிய வடிவமைப்பு நிலையம், லக்சல என்று நாம் அறிந்த கைப்பணிப் பொருட்கள் சபை ஆகிய மூன்றையும் ஒருங்கே உருவாக்கியது. அருங்கலைகள் பேரவையில் கைப்பணியாளராகப் பதிவு செய்துகொள்வதே இவற்றுள் முதற்படி, ஏனெனில் பயிற்சி, கண்காட்சி, ‘சில்ப அபிமானி’ விருதுப் போட்டி ஆகியவற்றின் அறிவித்தல்கள் பதிவு செய்தவர்களையே எளிதில் வந்தடைகின்றன. அப்போட்டி மாகாண மட்டத்தில் தொடங்கித் தேசிய மட்டத்துக்குச் செல்வது. வழக்கமாக விற்கும் பெட்டியையே அனுப்பாமல், வேலை குறைந்த மாதங்களில் ஒரு புதிய வடிவத்தைப் பொறுமையாகச் செய்து வைத்திருப்பவருக்கே அதில் இடமுண்டு. வடிவமைப்பு நிலையத்தின் உதவியும் இங்கேதான் பயன்படும்: மூதாட்டிகள் இழைக்கும் மூடிப்பெட்டியின் பின்னலை மாற்றாமலே அதன் அளவை மாற்றினால் அது ஹோட்டல் அறையில் துண்டு வைக்கும் கூடையாகிவிடும். அந்த மாற்றத்துக்கு அளவும் மாதிரியும் தேவை.

பனைசார் உற்பத்திகளுக்கு 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை உண்டு. இயந்திரம், உற்பத்தி முறை பற்றிய ஆலோசனைக்குக் கைத்தொழில் அபிவிருத்திச் சபையை அணுகலாம். தொழில்முயற்சிப் பயிற்சிக்குப் பிரதேச செயலகத்திலுள்ள சிறு தொழில்முயற்சி அபிவிருத்தி உத்தியோகத்தரைக் காணலாம். கிழக்கு மாகாணக் கிராமியக் கைத்தொழில் திணைக்களம் நெசவு போன்ற பயிற்சிகளை நடத்துகிறது. எந்த அலுவலகமானாலும், அடுத்த ஆண்டுக்கான பயனாளிப் பட்டியலும் முன்மொழிவும் தயாராகும் காலத்தில், அதாவது நடப்பு ஆண்டின் பிற்பாதியில், உங்கள் கோரிக்கை எழுத்தில் அங்கே இருக்கவேண்டும். “ஒரு தறி வேண்டும்” என்று வாயால் சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை. என்ன கருவி, அதனால் மாதத்தில் எவ்வளவு கூடுதலாக உற்பத்தியாகும், யாருக்கு விற்கப்படும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான திகதி முத்திரையை உங்கள் பிரதியில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலைக்கு ஆள் வைத்திருந்தால்

இப்பகுதியையே நான் மிகவும் வலியுறுத்த விரும்புகிறேன், ஏனெனில் இதில் தவறு நேர்ந்தால் இழப்பு உரிமையாளருக்கு மட்டுமன்றி அவரிடம் வேலை செய்யும் பெண்களுக்கும் நேர்கிறது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் ஒரே ஓர் ஊழியர் இருந்தாலும் பொருந்தும். அவர் நிரந்தரமா, தற்காலிகமா, நாட்கூலியா, துண்டுக் கணக்கில் கூலி பெறுபவரா என்ற வேறுபாடு இல்லை. குடும்ப அங்கத்தவர்கள் மட்டுமே வேலை செய்யும் தொழிலுக்கு விலக்கு உண்டு. உரிமையாளர் 12 சதவீதமும் ஊழியர் 8 சதவீதமும் செலுத்தவேண்டும். அதற்கு மேலாக ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு உரிமையாளர் மட்டும் 3 சதவீதம் செலுத்தவேண்டும்.

மாதத்தில் சில நாட்கள் மட்டும் வேலை செய்து 20,000 ரூபா உழைத்த நெசவாளரை எடுத்துக்கொள்வோம். அவருடைய கூலியிலிருந்து 1,600 ரூபா கழிக்கப்படும். உரிமையாளர் தம் கையிலிருந்து 2,400 ரூபாவைச் சேமலாப நிதிக்கும் 600 ரூபாவை நம்பிக்கை நிதியத்துக்கும் சேர்க்கவேண்டும். ஆகவே அந்த நெசவாளருக்கு உரிமையாளர் செலவிடுவது 23,000 ரூபா. சேலையின் விலையைத் தீர்மானிக்கும்போது இந்த 3,000 ரூபா கணக்கில் இல்லாவிட்டால் ஆண்டிறுதியில் இலாபம் என்று நினைத்தது இலாபமாக இராது. பணத்தை அடுத்த மாத இறுதிக்குள் செலுத்தவேண்டும். தாமதித்தால் 5 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறும்.

தேசிய குறைந்தபட்ச வேதனம் 2026 ஜனவரி 1 முதல் மாதத்துக்கு 30,000 ரூபாவாகவும் நாளுக்கு 1,200 ரூபாவாகவும் உள்ளது. துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருப்பவர்கள், ஒரு முழுநாள் வேலையில் ஒருவரால் எத்தனை துண்டு முடிக்க இயலும் என்பதை உண்மையாகக் கணித்து, அது 1,200 ரூபாவுக்குக் குறையாதபடி கூலியைத் திருத்தவேண்டும். ஓலையைத் தாமே வாங்கி, தம் விருப்பப்படி இழைத்து, விரும்பியவருக்கு விற்கும் பெண் சுயதொழிலாளர். நூலும் மாதிரியும் நீங்களே கொடுத்து, உங்களுக்கு மட்டும் நெய்து தருபவர் ஊழியராகக் கருதப்பட இடமுண்டு. ஐயம் இருந்தால் மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை தொழில் அலுவலகங்களில் முன்கூட்டியே கேட்டுத் தெளிவதே நல்லது.

சுயதொழில் செய்பவருக்கும் முதுமைக்கு வழி உண்டு. 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டங்களில் 18 முதல் 59 வயது வரையானவர்கள் சேரலாம்; 60 வயதிலிருந்து ஓய்வூதியம் கிடைக்கும். இளம் வயதில் சேருபவருக்குத் தவணைப் பணம் குறைவு. இதற்கான உத்தியோகத்தர் பிரதேச செயலகத்திலேயே இருப்பார். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் நிறைந்த நமது மாவட்டங்களில் இத்திட்டம் வீட்டுக்கு வீடு பேசப்பட வேண்டியது.

வரியைப் பற்றிய அச்சம்

பதிவு செய்தால் வரி கட்டவேண்டி வரும் என்ற அச்சத்தால் ஒதுங்கியிருப்பவர்கள் எண்ணிக்கையில் குறைவல்லர். 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,800,000 ரூபா வரை வருமான வரி இல்லை. அது விற்பனைத் தொகையல்ல, செலவு போக மிஞ்சும் இலாபத்தையும் வேறு வருமானங்களையும் சேர்த்த தொகை. ஆண்டில் 2,400,000 ரூபாவுக்கு விற்று 1,100,000 ரூபா செலவு காட்டக்கூடியவரின் இலாபம் 1,300,000 ரூபா. வேறு வருமானம் இல்லையானால் அவருக்கு வரி இல்லை. எல்லையைத் தாண்டினாலும் அடுத்த 1,000,000 ரூபாவுக்கு 6 சதவீதம் மட்டுமே. ஆனால் செலவைக் காட்டுவதற்குச் சிட்டைகள் வேண்டும். ஓலை விற்பவர் சிட்டை தரமாட்டார் என்றால், திகதி, கட்டின் எண்ணிக்கை, தொகை, விற்றவரின் ஒப்பம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் பதிந்துகொள்ளலாம். வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தைப் பெறுவதால் மட்டும் யாரும் வரி செலுத்துபவர் ஆகிவிடுவதில்லை. வரி செலுத்தவேண்டியவர்களுக்கு ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 ஆகியன தவணை நாட்கள். வருமான விவரத்திரட்டை நவம்பர் 30க்குள் சமர்ப்பிக்கவேண்டும்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால்

கிழக்கு மாகாணத்தில் தமிழும் நிர்வாக மொழி என்பதை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உறுதிப்படுத்துகிறது. தமிழில் விண்ணப்பிக்கவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் மட்டுமுள்ள படிவத்தை விளங்காமல் ஒப்பமிட வேண்டியதில்லை. கருவி வழங்கும் பட்டியலில் உங்கள் பெயர் ஏன் இடம்பெறவில்லை, தெரிவுக்கான அளவுகோல் என்ன என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேட்கலாம். காரணம் எதுவும் சொல்லவேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு அறிவிக்கவேண்டும். தகவல் மறுக்கப்பட்டால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கும், அதன்பின் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். கோரிக்கைக் கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை பெற்றிருக்க வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகவும்தான்: எப்போது, எதைக் கேட்டீர்கள் என்பதற்கு அதுவே சான்று.