ஒரு கோல் யாருடையது? கால்பந்துப் பதிவுகளைக் காக்கும் தன்னார்வலர்கள்

1930 ஜூலை 17 அன்று, முதல் உலகக் கோப்பையில் அமெரிக்கா பராகுவேயை 3-0 என்று வென்றது. முதல் கோலையும் மூன்றாவது கோலையும் பெர்ட் பாட்டனாட் அடித்தார், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. இரண்டாவது கோல்தான் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இழுபறியில் கிடந்தது. ஃபிஃபாவின் பதிவில் அது சக அமெரிக்க ஆட்டக்காரர் டாம் ஃப்ளோரியின் பெயரில் இருந்தது. வேறு பட்டியல்களில் அது பராகுவே ஆட்டக்காரர் ஒருவரின் சேம் சைடு கோல். அதையும் பாட்டனாடே அடித்திருந்தால், உலகக் கோப்பையின் முதல் ஹாட்ரிக் அவருடையது. இல்லையென்றால், இரண்டு நாள் கழித்து மெக்சிகோவுக்கு எதிராக மூன்று கோல் போட்ட அர்ஜென்டினாவின் கில்லர்மோ ஸ்டாபிலேவுடையது. 2006 நவம்பரில்தான் ஃபிஃபா அதைப் பாட்டனாடுக்குக் கொடுத்தது. அவர் 1974-லேயே காலமாகிவிட்டார்.

பெரிய அமைப்புகளின் பதிவேட்டிலேயே இத்தனை குழப்பம் என்றால், சின்ன நாடுகளின் லீக்குகளையும் கலைந்துபோன கிளப்புகளையும் கேட்கவே வேண்டாம். அந்தக் கணக்குகளில் பெரும்பகுதி இன்று நமக்குக் கிடைப்பது சம்பளம் வாங்காத ஆர்வலர்களால்தான். அவர்களில் முக்கியமான குழு ஆர்எஸ்எஸ்எஸ்எஃப் (ரெக்.ஸ்போர்ட்.சாக்கர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஃபவுண்டேஷன்). 1994 ஜனவரியில், யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் களத்தில் கால்பந்து பேசிக்கொண்டிருந்த லார்ஸ் ஆர்ஹுஸ், கென்ட் ஹெட்லுண்ட், காரெல் ஸ்டோக்கர்மான்ஸ் ஆகிய மூவரும் இதைத் தொடங்கினார்கள். முதலில் வட ஐரோப்பாவோடு நிற்பதாகத்தான் எண்ணம். பிறகு உலகம் முழுவதும் ஆட்கள் சேர்ந்தார்கள்.

சரி, நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு ஸ்கோர் சரிதானா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? முதல் ஆயுதம் புள்ளிப்பட்டியலேதான். 1888-89-ல் நடந்த இங்கிலாந்தின் முதல் லீக்கில் 12 அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற எல்லா அணிகளோடும் இரண்டு முறை மோதினால் மொத்தம் 132 ஆட்டங்கள். அப்போது வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு ஆளுக்கு 1. யார் ஜெயித்தாலும் ஓர் ஆட்டத்திலிருந்து 2 புள்ளிகள்தான் வெளிவரும். ஆகவே எல்லா அணிகளின் புள்ளிகளையும் கூட்டினால் 264 வந்தே தீர வேண்டும். வெற்றிகளின் கூட்டுத்தொகை தோல்விகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். டிராக்களின் கூட்டுத்தொகை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். அடித்த கோல்களும் வாங்கிய கோல்களும் ஒன்றுபோல இருக்க வேண்டும். எங்கேயாவது ஒன்று இடித்தால், எழுதியவரோ அச்சுக்கோத்தவரோ தவறியிருக்கிறார் என்று பொருள்.

பட்டியலைக் கொண்டு தொலைந்துபோன ஸ்கோரையும் மீட்கலாம். ஓர் அணி அந்தப் பருவத்தில் 51 கோல் அடித்ததாகப் பட்டியல் சொல்கிறது, நம் கையில் உள்ள ஆட்டங்களில் 49 தான் தேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஓர் ஆட்டம்தான் விடுபட்டிருக்கிறது என்றால், அதில் அந்த அணி அடித்தது 2. எதிரணியின் வரிசையிலும் இதே கணக்கைப் போட்டு விடை ஒத்துவருகிறதா என்று பார்த்துவிடலாம்.

மூன்று அணிகள் தங்களுக்குள் ஆடிய மூன்று ஆட்டங்கள் விடுபட்டிருந்தால்தான் விஷயம் சூடுபிடிக்கிறது. தெரியாத எண்கள் ஆறு. ஒவ்வொரு அணிக்கும் அடித்தது, வாங்கியது என்று பட்டியல் தரும் சமன்பாடுகளும் ஆறு. போதும் போலத் தோன்றும். ஆனால் மொத்தம் அடித்ததும் மொத்தம் வாங்கியதும் சமம் என்பதால், ஆறாவது சமன்பாடு மற்ற ஐந்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஒற்றை விடை கிடைக்காது. ஆனாலும் கோல்கள் எதிர்ம எண்ணாக இருக்க முடியாது என்ற ஒரு நிபந்தனையே பல விடைகளைத் தள்ளிவிடும். வெற்றி, டிரா, தோல்வி எண்ணிக்கை இன்னும் சிலவற்றைக் கழிக்கும். மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு சில சாத்தியங்களே. அதற்குப் பிறகு நாளிதழில் தேடும்போது எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து தேடலாம்.

ஆனால் கோல் அடித்தவர் யார், எந்தத் தேதி என்பதையெல்லாம் பட்டியல் சொல்லாது. அதற்கு நூலகத்தில் உட்கார்ந்து, பழைய நாளிதழ்களைப் படமெடுத்து வைத்திருக்கும் மைக்ரோஃபிலிம் சுருளை ஓட்டத்தான் வேண்டும். மூன்று நாளிதழ்கள் ஒரே பெயரைச் சொன்னாலும் அவை மூன்று சாட்சிகள் ஆகிவிடாது. மூன்றுமே ஒரே செய்தி நிறுவனத்தின் தந்தியை அச்சடித்திருக்கலாம். ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்ப்பவர்கள், ஒரே பிழை இரண்டு ஏட்டில் இருந்தால் இரண்டுக்கும் மூலம் ஒன்று என்று சந்தேகிப்பார்கள் அல்லவா, அதே தர்க்கம்தான் இங்கும். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று, எதிரணி ஊர்ப் பத்திரிகை ஒன்று என்று தனித்தனியாக எழுதப்பட்ட செய்திகள் ஒத்துப்போனால்தான் நம்பிக்கை வரும்.

இங்கிலாந்து லீக்கின் முதல் கோல் இப்படித்தான் கைமாறியது. 1888 செப்டம்பர் 8 அன்று ஆஸ்டன் வில்லாவின் கெர்ஷம் காக்ஸ் போட்ட சேம் சைடு கோலே லீக் வரலாற்றின் முதல் கோல் என்று வெகுகாலம் நம்பினார்கள். 2013-ல் மார்க் மெட்கால்ஃப், ராபர்ட் பாய்லிங் என்ற இரு ஆய்வாளர்கள், அன்றைய ஆட்டங்கள் எத்தனை மணிக்குத் தொடங்கின என்று பழைய நாளிதழ்களில் தேடினார்கள். காக்ஸின் கோல் விழுந்தது சுமார் 4 மணிக்கு. போல்டன் அணியின் கென்னி டேவன்போர்ட் 3.47-க்கே அடித்துவிட்டிருந்தார். ஸ்கோரை எல்லோரும் பார்த்தார்கள், கடிகாரத்தைப் பார்க்க நூற்று இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின!

சில தகராறுகள் எந்தச் சான்றாலும் தீராது, ஏனென்றால் அவை வரையறை பற்றியவை. 2020 டிசம்பரில் மெஸ்ஸி பார்சிலோனாவுக்காகத் தன் 644-வது கோலை அடித்து, சான்டோஸ் கிளப்புக்காகப் பெலே அடித்த 643-ஐத் தாண்டினார். உடனே சான்டோஸ், நட்பு ஆட்டங்களில் பெலே அடித்த 448-ஐயும் சேர்த்தால் 1,091 என்று அறிவித்தது. எண்கள் இரண்டுமே சரி. எதை எண்ணுகிறோம் என்பதுதான் வேறு. 1939-ல் போர் மூண்டதால் மூன்றே சுற்றோடு நின்றுபோன இங்கிலாந்து லீக்கின் கோல்களை அதிகாரபூர்வக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பந்துகள் வலைக்குள் போனது நிஜம். நல்ல ஆவணக்காரர் எல்லாவற்றையும் தனித்தனியாகக் குறித்து வைப்பார், எதை எந்தத் தலைப்பில் சேர்த்தேன் என்றும் எழுதிவைப்பார். ஐயமுள்ள இடத்தில் கேள்விக்குறி போட்டிருக்கும் பட்டியலை, எல்லாம் தெரிந்ததுபோல நிற்கும் பட்டியலைவிட நான் நம்புவேன்.

பாதுகாப்பதிலும் ஒரு தெளிவு இருக்கிறது. ஆர்எஸ்எஸ்எஸ்எஃப் பக்கங்கள் பெரும்பாலும் அலங்காரமில்லாத வெறும் எழுத்துக்கள்தான். தொகுத்தவரின் பெயர் அடியில் இருக்கும், அவரைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் படியெடுத்துக்கொள்ளலாம். தொண்ணூறுகளில் எழுதிய கோப்பு இன்றைக்கும் எந்தக் கருவியிலும் திறக்கிறது. எத்தனை இடத்தில் பிரதி இருக்கிறதோ அத்தனைக்கு அத்தனை பத்திரம்.

இத்தனை முறைகளும் தடுமாறும் இடம் பெண்கள் கால்பந்து. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பூங்காவில் டிக் கெர் பெண்கள் அணி ஆடியதைப் பார்க்க சுமார் 53,000 பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்பு மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடை போட்டது. அந்தத் தடை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. சங்கம் ஒதுக்கிவிட்டதால் அந்த ஆட்டங்களுக்கு அதிகாரபூர்வப் பதிவேடு கிடையாது. கூட்டிச் சரிபார்க்கப் புள்ளிப்பட்டியலும் இல்லை. உள்ளூர்ப் பத்திரிகையின் நாலு வரிச் செய்தி, குடும்பத்தினர் ஒட்டிவைத்த நறுக்குகள், ஆட்டத்துக்கு அடித்த துண்டுப் பிரசுரம் என்று ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித்தனியாகச் சான்று தேட வேண்டியிருக்கிறது. டிக் கெர் அணியின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் லில்லி பார் தன் வாழ்நாளில் மொத்தம் எத்தனை கோல் அடித்தார் என்ற கேள்விக்கு, அப்படி ஓர் ஆட்டம் விடாமல் தேடிக் கூட்டினால்தான் உறுதியான விடை கிடைக்கும்.