எட்டு போட்டாச்சு, பிரேக் பிடிக்கத் தெரியுமா?

“முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடிச்சுடும்.” நம்ம ஊரில் பைக் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. எனக்கு என் மாமா சொன்னார். போன மாதம் எல்.எல்.ஆர். எடுத்த என் அக்கா மகனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் சொல்லியிருக்கிறார். அவனும் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களை பிரேக் லீவர் பக்கமே கொண்டுபோகாமல் ஒரு மாதமாக ஓட்டிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்த அன்று எனக்கு வயிற்றைப் புரட்டியது. ஏனென்றால் அந்த அறிவுரை பாதிதான் உண்மை, மீதிப் பாதி ஆளைக் கொல்லக்கூடியது.

எழுத்துத் தேர்வில் அவனுக்குச் சிரமமே இல்லை. 60 சதவீதம் சரியாகச் சொன்னால் போதும், நிறையக் கேள்விகள் சாலைச் சின்னங்களைப் பற்றியவை. மனப்பாடம் செய்துவிட்டான். ஆனால் ‘நில்’ பலகைக்கு மட்டும் ஏன் எட்டு மூலை, ‘வழி விடு’ மட்டும் ஏன் தலைகீழ் முக்கோணம் என்று கேட்டால் தெரியவில்லை. மற்ற எந்தப் பலகைக்கும் அந்த வடிவம் கிடையாது, அதனால் எழுத்து அழிந்து போயிருந்தாலும், தூசி படிந்திருந்தாலும், எதிர்ப்பக்கம் வருகிறவன் பலகையின் முதுகுப் பக்கத்தை மட்டும் பார்த்தாலும் அது என்ன பலகை என்று தெரிந்துவிடும். விடைக்குப் பின்னால் இப்படி ஒரு காரணம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அப்புறம் மனப்பாடம் தேவையில்லை.

எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்து அடுத்த கட்டம், பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் எட்டு போடுவது. கால் தரையில் படக்கூடாது. இந்த எட்டு நடக்கிற வேகத்தில் நடப்பது, மணிக்கு 10 கிலோமீட்டர்கூட இருக்காது. அந்த வேகத்தில் வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்பி, சாய்கிற உடம்புக்கு அடியில் சக்கரத்தைக் கொண்டுபோய் வைத்துத்தான் விழாமல் இருக்கிறோம். ஹாஃப் கிளட்ச், பின் பிரேக்கில் லேசாகக் கால், கண் முன் சக்கரத்தில் இல்லாமல் அடுத்த வளைவில். முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இந்தக் கடைசி விஷயத்தில்தான்.

இங்கே முன் பிரேக்கைப் பிடித்தால் உண்மையிலேயே விழுவோம். ஹேண்டில்பார் திரும்பியிருக்கிறது, முன் சக்கரம் சட்டென்று நின்றால் உடம்பும் வண்டியும் திரும்பிய பக்கமாகவே சரியும். ஆற்று மணல் கொட்டிக் கிடக்கிற வளைவிலும் இதே கதைதான். ஆக மாமா சொன்னது பொய்யில்லை, எட்டு போடும் மைதானத்துக்கான உண்மை. அதை அப்படியே சென்னை ஜி.எஸ்.டி. ரோடு மாதிரி வேகமான நெடுஞ்சாலைக்கு எடுத்துக்கொண்டு போவதுதான் ஆபத்து.

ரோட்டில் என்ன நடக்கிறது? வண்டியும் ஆளும் சேர்ந்து 180 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த எடை இரண்டு சக்கரத்துக்கும் ஏறத்தாழப் பாதிப்பாதியாக, பின்னால் கொஞ்சம் அதிகமாக இறங்கும். பிரேக் பிடித்த நொடியில் டயர் தரையில் பின்னோக்கி இழுக்கிறது, ஆனால் எடையின் மையம் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், உங்கள் தொடை மட்டத்தில், முன்னோக்கிப் போகவே பார்க்கிறது. பஸ் டிரைவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டிருக்கிறவர்கள் எல்லாரும் முன்னால் சாய்கிறார்களே, அதேதான். பலமாக பிரேக் பிடிக்கும்போது சாதாரண கம்யூட்டர் பைக்கில் முக்கால் பங்கு எடைக்கு மேல் முன் சக்கரத்துக்குப் போய்விடும்.

டயரின் பிடிப்பு அதன் மேல் அழுத்துகிற எடையைப் பொறுத்தது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள்: மிதிக்க மிதிக்க எடை முன்னால் போகிறது, பின் சக்கரம் லேசாகிறது, பிடிப்பு குறைகிறது, இன்னும் பலமாக மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குகிறது. வண்டியின் பின்பக்கம் பாம்பு மாதிரி ஆடும், ஆனால் வேகம் அவ்வளவாகக் குறையாது. முன் பிரேக் இதற்கு நேர் எதிர். பிடிக்கப் பிடிக்க முன் சக்கரத்தில் எடை ஏறும், பிடிப்பும் கூடும். அதற்கு ஒரே நிபந்தனை, எடை முன்னால் வந்து சேர அரை நொடியாவது கொடுக்க வேண்டும். எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி, முதலில் மெல்ல அழுத்தி அப்புறம் இறுக்க வேண்டும். பயத்தில் ஒரேயடியாக லீவரைப் பிடுங்கினால் எடை வருவதற்கு முன்பே சக்கரம் நின்றுபோகும், அதைத்தான் நம் ஊரில் ‘தூக்கி அடிச்சுது’ என்கிறார்கள்.

இந்தத் தவறைத் தடுக்கத்தான் ஏ.பி.எஸ். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஒரு பல் வளையத்தை சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும். சக்கரம் நிற்கப் போகிறது என்று தெரிந்ததும் பிரேக் அழுத்தத்தை விடுவித்து மறுபடி கொடுக்கும், ஒரு நொடிக்குள் பல தடவை. 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேல் உள்ள புது பைக்குகளுக்கு இது கட்டாயம். அதற்குக் கீழே உள்ளவற்றில் ஏ.பி.எஸ். அல்லது சி.பி.எஸ். இருக்க வேண்டும் என்று அப்போது விதி வந்தது. சி.பி.எஸ். என்றால் பின் பிரேக்கை மிதிக்கும்போது முன் பிரேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும். உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

வேகத்துக்கு வருகிறேன். 40-இல் போகிறவர் ஆபத்தைப் பார்த்து, விரல் லீவருக்குப் போய்ச் சேர ஒரு நொடி ஆகிறது என்றால் அதற்குள் 11 மீட்டர் போயிருப்பார். இரண்டு பிரேக்கும் நன்றாகப் பிடித்தால் இன்னும் 9 மீட்டரில் நிற்பார். மொத்தம் 20 மீட்டர். 60-இல் போகிறவருக்கு அந்த ஒரு நொடியிலேயே கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடுகிறது. முதல் ஆள் முழுவதுமாக நின்ற அதே இடத்தை இவர் கடக்கும்போது இவருடைய வேகம் எவ்வளவு தெரியுமா? இன்னும் 55. இந்தக் கணக்கை நான் முதல் தடவை போட்டுப் பார்த்தபோது தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன். இதனால்தான் நெரிசலில் இரண்டு விரலை எப்போதும் லீவர் மேல் வைத்திருக்கச் சொல்கிறேன், அந்த ஒரு நொடியில் கொஞ்சம் குறைந்தாலும் அது நேரடியாக மீட்டர் கணக்கில் கிடைக்கும்.

எட்டு சொல்லித்தராத இன்னொரு சங்கதி, திருப்புவது. 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டால் இடது பக்கம் திரும்ப இடது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும், அதாவது ஒரு கணம் சக்கரத்தை வலப்பக்கம் திருப்ப வேண்டும். நம்ப முடியவில்லை அல்லவா? உள்ளங்கையில் ஒரு கம்பை நட்டமாக நிறுத்திப் பாருங்கள். கம்பு இடது பக்கம் சாய வேண்டும் என்றால் கையை வலது பக்கம் நகர்த்த வேண்டும். டயர் தரையைத் தொடும் இடம்தான் இங்கே உங்கள் உள்ளங்கை. விமானம் கண்டுபிடித்த வில்பர் ரைட் சைக்கிள் கடை நடத்தியவர், அவர் இதை அன்றைக்கே கவனித்திருக்கிறார்: எல்லோரும் இப்படித்தான் சைக்கிளைத் திருப்புகிறார்கள், ஆனால் கேட்டால் ஒருவருக்கும் தாம் அப்படிச் செய்வது தெரியவில்லை. தெரியாமல் செய்வதில் சாதாரண நாளில் பிரச்சினை இல்லை. திடீரென்று ஒரு பள்ளத்தை விலக்க வேண்டிவரும்போதுதான் கை எதை நம்புவது என்று தெரியாமல் உறைந்துபோகும்.

ஹெல்மெட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. நம்மைக் காப்பது வெளி ஓடு மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற நுரை. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை தார் ரோட்டில் சில மில்லிமீட்டருக்குள் நின்றாக வேண்டும், நுரை நசுங்கினால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கிடைக்கிறது. நிற்கும் தூரம் எட்டு மடங்கானால் மூளைக்குப் போகும் அடி எட்டில் ஒன்றாகிறது. ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ என்று பெயர்பெற்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, 1935-இல் பைக் விபத்தில் இறந்த டி.இ. லாரன்ஸுக்கு சிகிச்சை அளித்தவர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற நரம்பு அறுவை மருத்துவரும் ஒருவர். அந்த மரணம் அவரை விடவில்லை, 1941-இல் ஹெல்மெட்டைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறையில் ஆரம்பப் புள்ளிகளில் ஒன்று. ஆனால் ஸ்ட்ராப் மாட்டாத ஹெல்மெட் முதல் அடியிலேயே கழன்று பறந்துவிடும், அப்புறம் அது இருந்தும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஒருமுறை நசுங்கிய நுரையும் பழைய நிலைக்குத் திரும்பாது, கீழே விழுந்து அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள்.

சரி, அக்கா மகனுக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி மைதானம் ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். கெட்டியான தரை, மணல் இல்லை. சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு போட்டோம். 30-இல் நேராக வந்து, கோட்டில் பின் பிரேக்கை மட்டும் மிதிக்கச் சொன்னேன். பதிமூன்று காலடி தள்ளி நின்றான். அப்புறம் இரண்டு பிரேக்கையும், மெல்ல ஆரம்பித்து. முதல் இரண்டு தடவை விரல் லீவரைத் தொடவே மறுத்தது, மூன்றாவது தடவை தொட்டது, ஆறாவது தடவை ஒன்பது காலடியில் நின்றான். இறங்கி, இரண்டு டயர் தடத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். “இன்னொரு தடவை போறேன் மாமா” என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் வண்டியைத் திருப்பிவிட்டான்.