மலை ஊற்றும் சமூக வன வள உரிமையும்: நெல்லைச் சீமைக்கு ஒரு சட்ட விளக்கம்

தாமிரபரணியில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரையுள்ள எட்டு அணைக்கட்டுகளிலும் கார், பிசானம் என்னும் இரு பூவுக்கும் (நெற்பயிர்ப் பருவங்களுக்கும்) தண்ணீரை எப்போது திறப்பது, தலைமடைக்கு எவ்வளவு, கடைமடைக்கு எவ்வளவு என்பதற்கெல்லாம் பழைய வழக்கமும் அரசாணையும் உண்டு. அந்தத் தண்ணீர் பிறக்கிற பொதிகை மலையில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று கேட்டால், ‘வனத்துறைக்கு’ என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அந்தப் பதில் பாதிதான் சரி. காட்டில் வாழும் சமூகத்தின் கிராம சபைக்கும் நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காக்கும் கடமையையும், அதற்கு வேண்டிய அதிகாரத்தையும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் எழுத்திலேயே கொடுத்திருக்கிறது. அந்த உரிமை எது, யார் கேட்கலாம், எப்படிக் கேட்பது, கிடைத்தபின் மலை விவசாயத்துக்கு அதனால் என்ன பயன் என்பதையே இங்கே விளக்க முயல்கிறேன்.

பழங்குடியினர் மற்றும் இதர பாரம்பரிய வனவாசிகள் வன உரிமை அங்கீகாரச் சட்டம் என்பது இதன் முழுப்பெயர். 2007 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்தது. விதிகள் 2008இல் வெளியாகி 2012இல் விரிவாகத் திருத்தப்பட்டன. நம் பகுதியில் இச்சட்டம் முதன்மையாகத் தொடுவது காணிக்காரர்கள் என்னும் பழங்குடியினரை. பாபநாசத்துக்கு மேலே அகஸ்தியர் காணிக் குடியிருப்பு, சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி ஆகிய இடங்களில் அவர்கள் வாழ்கிறார்கள். இக்குடியிருப்புகள் 1988இல் அமைந்த, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமான களக்காடு முண்டந்துறையின் எல்லையில் வருவதால், ‘புலிகள் காப்பகத்தில் வன உரிமைச் சட்டம் செல்லாது’ என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. ‘வன நிலம்’ என்பதற்குச் சட்டம் தரும் வரையறையிலேயே சரணாலயங்களும் தேசியப் பூங்காக்களும் அடங்கும். உரிமைகளைச் சரிபார்த்து அங்கீகரிக்கும் வேலை முடியும் வரை யாரையும் நிலத்தைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று நான்காம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு சொல்கிறது.

பழங்குடி அல்லாதவர்களும் கேட்கலாம். ஆனால் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டுகளாக, காட்டிலோ காட்டு நிலத்திலோ வாழ்ந்து பிழைப்புக்கு அதையே நம்பியிருந்ததாக அவர்கள் மெய்ப்பிக்க வேண்டும். நடைமுறையில் இது கடினமான நிபந்தனை.

சட்டப்படி மூன்று படிவங்கள் இருக்கின்றன. ஏ படிவம் தனிக் குடும்பத்துக்கானது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே உழுதோ குடியிருந்தோ வருகிற நிலத்துக்கு, நான்கு ஹெக்டேருக்கு மிகாமல், கணவன் மனைவி இருவர் பெயரிலும் உரிமை கேட்பதற்கு அது உதவும். அந்த உரிமை பிள்ளைகளுக்குச் சேரும். ஆனால் விற்கவோ பிறருக்கு மாற்றிக்கொடுக்கவோ முடியாது. பி படிவம் தேன், நெல்லி, கிழங்கு போன்ற சிறு வன விளைபொருள் சேகரிப்பு, மேய்ச்சல், மீன்பிடி ஆகிய சமூகப் பயன்பாட்டு உரிமைகளுக்கானது. சி படிவம்தான் இந்தக் கட்டுரையின் மையம். சமூக வன வளம், அதாவது ஓர் ஊரார் மரபாகத் தங்கள் எல்லை என்று அறிந்து பயன்படுத்தியும் பாதுகாத்தும் வந்த காட்டுப் பரப்பு முழுவதையும் காக்கவும், மீட்டெடுக்கவும், நிர்வகிக்கவும் உள்ள உரிமையை அதில்தான் கேட்க வேண்டும். ‘வனப் பட்டா’ என்றதும் எல்லோருக்கும் ஏ படிவம்தான் நினைவுக்கு வருகிறது. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் பட்டா வாங்கிய கையோடு வேலை முடிந்ததாக நினைத்து சி படிவத்தைத் தொடாமலே விட்டுவிடுவது, ஊற்றுகளைப் பொறுத்தவரை பெரிய இழப்பு என்பது என் கருத்து. தோட்டத்துக்குத் தண்ணீர் தரும் ஊற்று பெரும்பாலும் தோட்டத்தின் எல்லைக்குள் இருப்பதில்லை. அதற்கு நீரூட்டும் சரிவு இன்னும் மேலே, யார் பட்டாவிலும் சேராத காட்டில் இருக்கிறது.

சட்டத்தின் மூன்றாம் பிரிவும் ஐந்தாம் பிரிவும் சேர்த்துப் படிக்க வேண்டியவை. மூன்றாம் பிரிவு சமூக வன வளத்தைப் பாதுகாக்கும் உரிமையைத் தருகிறது. ஐந்தாம் பிரிவு உரிமை பெற்றவர்களுக்கும் கிராம சபைக்கும் உரிய பொறுப்புகளைச் சொல்கிறது: காட்டுயிரையும் காட்டையும் பல்லுயிர் வளத்தையும் காப்பது, அருகிலுள்ள நீர்ப்பிடிப்புப் பகுதிகளும் நீர்நிலைகளும் போதுமான அளவு பாதுகாக்கப்படுவதை உறுதிசெய்வது, சமூக வன வளத்துக்குள் வருவோர் போவோரை ஒழுங்குபடுத்தவும், காட்டுக்குக் கேடு செய்யும் எந்தச் செயலையும் நிறுத்தவும் கிராம சபை எடுத்த முடிவுகள் மதிக்கப்படச் செய்வது. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலில் கூடும் கூட்டத்துக்குப் பிறகு ஆற்றங்கரை எப்படிக் கிடக்கும் என்று பார்த்தவர்களுக்கு இந்தக் கடைசிப் பொறுப்பின் அருமை தெரியும். ஆனால் அங்கீகாரம் பெற்ற எல்லைக்குள் மட்டுமே இந்த அதிகாரம் செல்லும் என்பதால், எல்லையைச் சரியாக வரைந்து கேட்பது மிக முக்கியம்.

சான்று விஷயத்தில் ஊற்றுகளே ஊராருக்குத் துணை நிற்கின்றன. விதிகளின் 13ஆம் விதி, சமூக உரிமைக்கான சான்றுகளாக எவற்றையெல்லாம் ஏற்கலாம் என்று பட்டியலிடுகையில், கிழங்கும் காட்டுக் கனியும் எடுக்கும் இடங்கள், மருந்துச் செடி சேகரிக்கும் பகுதிகள், மேய்ச்சல் நிலங்கள், இடுகாடுகள், புனித மரங்கள், சோலைகள் ஆகியவற்றோடு, மனிதரும் கால்நடையும் பயன்படுத்தும் நீராதாரங்களையும் உள்ளூர்ப் பாசன அமைப்புகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆகவே ஒரு சுனையின் பெயர், அது எந்தப் பாறையடியில் இருக்கிறது, எந்தக் குடும்பங்கள் எந்த மாதம் வரை அதிலிருந்து நீர் எடுக்கின்றன, மூங்கில் குழாயோ மண் வாய்க்காலோ வைத்து முன்பு எப்படி நீர் கொண்டுவந்தார்கள் என்பதை ஊர்ப் பெரியவர்கள் சொல்லச் சொல்ல எழுதி, வரைபடத்தில் குறித்து வைத்தால், அந்தக் குறிப்பு பின்னாளில் பாதுகாப்புத் திட்டத்துக்கும் பயன்படும், இன்றைக்குச் சான்றாகவும் நிற்கும். குறைந்தது இரண்டு வகைச் சான்றுகள் வேண்டும். பெரியவர்களின் எழுத்துப்பூர்வ வாக்குமூலம் அவற்றில் ஒன்றாக இருக்கலாம். செயற்கைக்கோள் படத்தில் தெரியவில்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டி மற்றச் சான்றுகளை ஒதுக்க முடியாது. அத்தகைய படம் துணைச் சான்றே தவிர மாற்றுச் சான்று அல்ல என்று விதியே சொல்கிறது.

நடைமுறை கிராம சபையில் தொடங்குகிறது. பல குக்கிராமங்களைச் சேர்த்த பெரிய ஊராட்சியின் சபையில் ஒரு சிறிய காணிக் குடியிருப்பின் குரல் எடுபடாது. இதனால்தான் வன உரிமைக்கான கிராம சபையைக் குடியிருப்பு அளவிலேயே கூட்டும்படி மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகம் 2012 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது. சபைக்கு வந்தவர்கள் மொத்த உறுப்பினரில் பாதிக்குக் குறையக் கூடாது. வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். சபை 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். பழங்குடியினர் இருக்கும் ஊரில் குழுவின் மூன்றில் இரு பங்கினர் அவர்களாகவும், குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும். குழு எல்லையை நேரில் நடந்து பார்த்து வரைபடம் தயாரிக்கும்போது வனத்துறைக்கும் வருவாய்த் துறைக்கும் முன்கூட்டித் தகவல் அனுப்ப வேண்டும். அண்டைக் குடியிருப்பின் எல்லையோடு மோதும் இடம் இருந்தால் இரு சபைகளும் கூடிப் பேசி அங்கேயே தீர்த்துக்கொள்வது நல்லது. பிறகு சபைத் தீர்மானத்தோடு கோரிக்கை உட்கோட்ட அளவிலான குழுவுக்கும், அங்கிருந்து மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்ட அளவிலான குழுவுக்கும் செல்லும். அம்பாசமுத்திரம் வட்டத்தாருக்கு உட்கோட்டம் என்பது சேரன்மகாதேவி.

உரிமை கிடைத்தபின் என்ன செய்வது என்பதற்கு நான்காம் விதி வழி சொல்கிறது. கிராம சபை தன் உறுப்பினர்களிலிருந்து ஒரு பாதுகாப்புக் குழுவை அமைத்து, அந்தக் குழு பாதுகாப்பு மற்றும் மேலாண்மைத் திட்டம் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். குழு தேவையெனக் கருதும் மாற்றங்களோடு அத்திட்டத்தை வனத்துறையின் திட்டத்தோடு இணைக்க வேண்டும். காப்பகத்துக்கான திட்டம் ஏற்கனவே இருக்கும் இடத்தில் ஊர்த் திட்டம் தனியாக ஓர் அலமாரியில் கிடந்தால் பயனில்லை என்பதால், இந்த இணைப்பு வெறும் சடங்கு அல்ல.

ஊற்றுகளுக்கான பகுதியை இத்திட்டத்தில் கவனமாக எழுத வேண்டும். ஊற்று வறண்டதும் அதைத் தோண்டி ஆழப்படுத்துவதும் பக்கத்திலேயே சிமென்ட் தொட்டி கட்டுவதும்தான் நாம் வழக்கமாகச் செய்வது. அது நோய் காலில் இருக்க மருந்தைக் கையில் தடவுவது போன்றது. மழைநீர் சரிவின் மேல்மண்ணில் ஊறி, உறுதியான பாறையின் வெடிப்புகள் வழியே இறங்கி, எங்கேயோ கீழே கசிந்து வெளிப்படுவதுதான் ஊற்று. ஆகவே நீர் வெளிப்படும் கண் வேறு, அதை ஊட்டும் பரப்பு வேறு. பாறை சாய்ந்திருக்கும் திசையைப் பொறுத்து அந்தப் பரப்பு அடுத்த சரிவில்கூட இருக்கலாம். ஊட்டும் பரப்பைக் கண்டறிந்து அங்கே தீ வைக்காமலும், மேல்மண் அரிக்காமலும், புல்லும் மரமும் மறுபடி முளைக்கவும் பார்த்துக்கொள்வதே முதல் வேலை. அளந்த குடம் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று மாதம் ஒருமுறை குறித்துவந்தால், ஊற்று தேறுகிறதா குறைகிறதா என்று யாரையும் கேட்காமல் ஊராரே சொல்லலாம். இளைஞர்கள் இந்தக் கணக்கை எடுத்துக்கொள்வது நல்லது.

குடிநீர்க் குழாய், மழைநீர் சேகரிப்பு அமைப்பு, சிறு குளம், சிறுபாசன வாய்க்கால் ஆகியவற்றுக்குக் காட்டு நிலம் தேவைப்பட்டால், மூன்றாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவின்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலத்தை ஒதுக்க வழியிருக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபையின் பரிந்துரை கட்டாயம். ஊற்றின் நீர் முழுவதையும் குழாயில் அடைத்துவிடாமல் ஓடைக்கும் விலங்குக்கும் ஒரு பங்கு விட வேண்டும் என்பதைச் சபைத் தீர்மானத்திலேயே எழுதிவிடலாம்.

விவசாயத்துக்கு வருவோம். அங்கீகாரம் பெற்றவர்களுக்கு நில மேம்பாடு, விளைச்சல் பெருக்கம், அடிப்படை வசதி, பிழைப்பு ஆகியவை தொடர்பான அரசுத் திட்டங்கள் எல்லாம் போய்ச்சேர வேண்டும் என்று 16ஆம் விதி மாநில அரசுக்குக் கடமை வகுக்கிறது. வன உரிமைப் பட்டா உள்ளவர்கள் ஆண்டுக்கு 6000 ரூபாய் தரும் பிரதமரின் விவசாயி நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். மலைச் சரிவில் மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்கு நட்டுப் பிடுங்கும் நிலம் மழைக்கு எளிதில் அரிபடும்; ஆகவே சரிவின் குறுக்கே கல்வரப்பு போட்டு, நிற்கும் மரத்திலேயே நல்லமிளகு ஏற்றி, கிழங்கைத் தாழ்வான தட்டையான இடத்துக்குக் கொண்டுவருவது மண்ணுக்கும் வருமானத்துக்கும் ஏற்றது. இரசாயனம் போடாமல் விளைவிக்கும் ஐந்து விவசாயிகள் சேர்ந்தாலே, ஒருவர் தோட்டத்தை ஒருவர் சோதித்துக்கொள்ளும் பங்கேற்புச் சான்றிதழ் முறையில் பதிவுசெய்யலாம். இடைத்தரகரிடம் போகும் மிளகுக்கும் தேனுக்கும் அது பேரம் பேசும் வலுவைத் தரும்.

காட்டுக்கு வெளியே களக்காடு, கடையம், மணிமுத்தாறு பக்கத்து மலையடிவாரத்தில் பட்டா நிலம் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. அவர்களுக்கான வழி, பிரதமரின் வேளாண் நீர்ப்பாசனத் திட்டத்தின் நீர்வடிப்பகுதி மேம்பாட்டுப் பிரிவு. 2021-22 முதல் 2025-26 வரைக்கு வகுக்கப்பட்ட அதன் இரண்டாம் கட்டத்தில் ஊற்றுப்பரப்பை மீட்பது புதிய பணியாகச் சேர்க்கப்பட்டது. ஹெக்டேருக்கான செலவு வரம்பு சமவெளியில் 22,000 ரூபாயாகவும் கடினமான நிலப்பகுதியில் 28,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. இங்கும் நீர்வடிப்பகுதிக் குழுவைக் கிராம சபைதான் அமைக்கிறது. மாநிலத்தில் இதைக் கவனிப்பது தமிழ்நாடு நீர்வடிப்பகுதி மேம்பாட்டு முகமை. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று கூடும் கிராம சபை, இத்தகைய தீர்மானம் போட இயல்பான வாய்ப்பு.

வன உரிமைக் கோரிக்கைக்குச் சட்டம் கடைசி நாள் எதுவும் வைக்கவில்லை. ஆனால் கிராம சபை கோரிக்கைகளைக் கேட்டு அறிவித்தால், அந்த நாளிலிருந்து மனு கொடுக்க மூன்று மாத அவகாசம் உண்டு; தேவையானால் காரணம் எழுதிச் சபையே அதை நீட்டிக்கலாம். கொடுத்த மனுவுக்கு எழுத்தில் ஒப்புகை வாங்க வேண்டும். நிராகரித்தால் காரணத்தோடு எழுத்தில் தெரிவிக்க வேண்டியது அதிகாரிகளின் கடமை. கிராம சபையின் முடிவில் குறையிருந்தால் 60 நாளுக்குள் உட்கோட்டக் குழுவிடமும், அக்குழுவின் முடிவில் குறையிருந்தால் மேலும் 60 நாளுக்குள் மாவட்டக் குழுவிடமும் மனு கொடுக்கலாம். மனுதாரரின் தரப்பைக் கேட்காமல் அவருக்கு எதிராக முடிவெடுக்கக் கூடாது. மாவட்டக் குழுவின் முடிவே நிர்வாக அளவில் இறுதியானது; அதற்கு மேல் நீதிமன்றம்தான் என்பதால், முதல் சபைக் கூட்டத்தின் வருகைப் பதிவேடு, தீர்மான நகல், வரைபடம் ஆகியவற்றின் ஒரு படியை ஊரில் பொறுப்பான ஒருவர் வசம் வைத்திருக்க வேண்டும்.